கொழும்பை இரண்டு நாளில் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கு, கிழக்கு, மலையகம் என்று எங்கிருந்து வந்தாலும் நம்மவர்கள் கொழும்புக்கு வருவது பெரும்பாலும் அலுவலுக்குத்தான். கடவுச்சீட்டு, விசா, வைத்தியசாலை, விமான நிலையம். அலுவல் முடிந்ததும் இரவு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஐந்நூறு ஆண்டு வரலாறு தெருவோரத்திலேயே நிற்கும் நகரம் இது. அதற்கென்று இரண்டு நாள் ஒதுக்குபவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இரண்டு நாள் போதுமா? ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்?

இரண்டு நாள் போதும், ஆனால் நகரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் வடக்குப் பக்கம்: கொச்சிக்கடை, செட்டியார் தெரு, புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல். மற்ற நாள் கறுவாத்தோட்டமும் தெற்குக் கரையோரமும். காலையில் நூதனசாலை, மதியம் புறக்கோட்டை, பின்னேரம் மீண்டும் கறுவாத்தோட்டம் என்று குறுக்கும் மறுக்கும் ஓடுபவர்கள்தான் "கொழும்பில் பார்க்க ஒன்றுமில்லை, ட்ரஃபிக்தான்" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள். தூரம் குறைவுதான். ஆனால் காலை 7 முதல் 9 வரையும் மாலை 4.30 முதல் 7 வரையும் நாலு கிலோமீற்றருக்கே முக்கால் மணி நேரம் போய்விடும்.

ஒரு நாள்தான் என்றால் வடக்குப் பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். நூதனசாலைக்கு இன்னொரு முறை வரலாம்.

எந்தக் கிழமைகள் நல்லது?

சனியும் ஞாயிறும். சனிக்கிழமையை வடக்குக்கும் ஞாயிற்றுக்கிழமையைத் தெற்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி வைத்தால் திட்டம் கெடும். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடைகள் அநேகமாகப் பூட்டியிருக்கும். நடைபாதை வியாபாரம் இருக்கும், ஆனால் மூட்டை சுமப்பவர்கள், கைவண்டிகள், மிளகாய் நெடி எதுவும் இருக்காது. சனிக்கிழமை காலையில் எல்லாம் இருக்கும், மதியத்துக்குப் பிறகு கடைகள் மெல்ல மூடத் தொடங்கும். தெற்குப் பக்கத்துக்கு ஞாயிறு பொருத்தம், ஏனென்றால் அலுவலக வாகனங்கள் இல்லாததால் வீதி காலியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலுக்குள் பார்வையாளர்கள் போக முடியாது, ஜும்ஆ நேரம். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் பக்தர் கூட்டம் நிறைந்திருக்கும். நேர்த்திக்கடனுக்கு வருபவர்களுக்கு அதுதான் நாள், கட்டடத்தைப் பார்க்க வருபவர்களுக்கு அல்ல.

போயா நாளைக் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை பௌர்ணமியன்று வரும் பொது விடுமுறை அது. மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு, நூதனசாலைத் திட்டத்தையும் அன்று வைக்க வேண்டாம். வெசாக் போயா மட்டும் விதிவிலக்கு. மே மாதத்தில் வரும் அந்த இரண்டு மூன்று இரவுகளில் பேர வாவிப் பக்கம் வெளிச்சக் கூடுகளும் பந்தல்களும் தன்சல் எனப்படும் இலவச உணவுக் கூடங்களும் நிறைந்திருக்கும். அதற்காகவே வரலாம், ஆனால் இரவில் வாகனம் அசையாது, நடக்கத் தயாராக வாருங்கள். சித்திரைப் புத்தாண்டையொட்டிய நாட்களில் நகரமே ஊருக்குப் போய்விடும். சாப்பாட்டுக்கடை தேடி அலைய வேண்டிவரும்.

எந்த மாதம்?

ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை மழை குறைவு. மே, ஜூனில் தென்மேல் பருவமழை, கடலும் கொந்தளிப்பாக இருக்கும். ஒக்டோபர், நவம்பரில் காலை நன்றாக விடிந்து, மதியத்துக்குப் பிறகு இடியுடன் கொட்டும். அந்த மாதங்களில் வெளியிட நடையைக் காலை 11 மணிக்குள் முடித்துவிட்டு, கூரை உள்ள இடங்களைப் பின்னேரத்துக்கு வையுங்கள். ஆடிவேல் விழாக் காலத்தில், அதாவது ஜூலை, ஓகஸ்டில் வந்தால் செட்டியார் தெருக் கதிர்காம வேலன் தேரில் வருவதைப் பார்க்கலாம்.

எங்கே தங்குவது?

குடும்பமாக வருபவர்களுக்கு வெள்ளவத்தை அல்லது பம்பலப்பிட்டி. காரணம் எளிது: தமிழில் பேசி வேலை முடிக்கலாம், சைவச் சாப்பாடு ஒவ்வொரு சந்தியிலும் கிடைக்கும், காலி வீதியில் பஸ், கடற்கரையில் ரயில், இரண்டும் நடை தூரத்தில். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒழுங்கைகளில் அறை எடுத்தால் காற்று நன்றாக வரும், ஆனால் ரயில் சத்தம் விடியமுன்னரே தொடங்கும். தூக்கம் லேசானவர்கள் காலி வீதிக்கு மற்றப் பக்க ஒழுங்கைகளைப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனையும் வசதிதான், வடக்குப் பக்க நடைக்கு அருகில். கோட்டையில் தங்குவது செலவு கூட. இரவு 8 மணிக்குப் பிறகு அங்கே தெரு வெறிச்சோடிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்தால் எங்கே இறங்குவது? பொதிகளை என்ன செய்வது?

யாழ்ப்பாண இரவு பஸ்கள் பல வெள்ளவத்தை வரை வரும். அங்கே தங்குவதானால் புறக்கோட்டையில் இறங்க வேண்டாம், முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ரயில்கள் கோட்டை நிலையத்துக்கு வரும். ஆசன முற்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும். நீண்ட வார இறுதியானால் திறந்த அன்றே தீர்ந்துவிடும், ஆகவே திரும்பும் டிக்கெட்டையும் அப்போதே எடுங்கள். வரும் டிக்கெட்டை மட்டும் எடுத்துவிட்டு, கடைசி நாளில் வரிசையில் நின்று நேரத்தை இழப்பவர்கள்தான் அதிகம்.

அதிகாலை வந்து சேர்ந்து, அறை மதியம்தான் கிடைக்கும் என்றால், கோட்டை நிலையப் பொதிகள் காப்பகத்தில் பையை விடலாம். பூட்டுப் போட்ட பையாக இருக்கட்டும். நகையையும் கடவுச்சீட்டையும் கையிலேயே வையுங்கள்.

முதல் நாளை எந்த வரிசையில் நடப்பது?

கொச்சிக்கடையில் தொடங்கி காலிமுகத்திடலில் முடியுங்கள். பலர் கோட்டையில் தொடங்கி வடக்கே போகிறார்கள். 11 மணிக்குக் கோயில் வாசலுக்கு வரும்போது நடை சாத்தும் நேரமாகிவிடும், கருங்கல் தளமும் காலைச் சுடும்.

காலை 7.30க்கு ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் கோயில். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொன்னம்பல முதலியார் எழுப்பியது. அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வர்ணம் பூசாத கல் மண்டபம், அரையிருட்டு, தூண்களில் உளி பட்ட தடம். கொழும்பின் மற்றக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு உலகம். தூண் சிற்பங்களைக் கிட்ட நின்று பார்க்க அரை மணி நேரம் கொடுங்கள்.

அங்கிருந்து கொஞ்ச நடையில் புனித அந்தோனியார் ஆலயம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடங்களில் ஒன்று. திருத்தி அதே ஆண்டு ஜூனில் திறந்தார்கள். வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், சிறிய பையோடு போவது நல்லது. உயிரிழந்தவர்களின் நினைவிடத்தின் முன் படம் எடுத்து நிற்காமல், ஒரு நிமிடம் அமைதியாக நின்றுவிட்டு வாருங்கள்.

அடுத்து செட்டியார் தெரு. பழைய, புதிய கதிரேசன் கோயில்கள் இரண்டும் இங்கேதான், இரு பக்கமும் நகைக்கடைகள். இதற்குக் கிழக்கே மேட்டில் வுல்வெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் கட்டி முடித்தது, இன்றும் வழிபாடு நடக்கிறது. பலரும் விட்டுவிடும் இடம் இது. நாங்கள் கட்டாயம் பார்க்கச் சொல்வோம். சிலுவை வடிவக் கட்டடம், தடித்த சுவர், தரையில் பதித்த கல்லறைக் கற்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813இல் கொண்டுவந்தவையும் அவற்றில் உண்டு. குலச்சின்னங்களும் எழுத்துகளும் புடைப்பாகச் செதுக்கியவை. பக்கவாட்டில் வெளிச்சம் விழும் காலை நேரத்தில் எழுத்து தெளிவாகத் தெரியும். கதவு பூட்டியிருந்தால் வளவுக்குள் இருக்கும் காவலாளியிடம் கேளுங்கள்.

பிறகு பிரதான வீதி வழியாக மேற்கே இறங்குங்கள். 1873இல் கட்டிய பழைய நகர மண்டபம் வழியில் வரும். 2ஆம் குறுக்குத் தெருவில் சிவப்பு வெள்ளைக் கோடுகளோடு நிற்பது ஜாமிஉல் அல்ஃபார், ஊர்ப்பேச்சில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். தொழுகை இல்லாத நேரத்தில் உள்ளே விடுவார்கள். முழு முகப்பும் படத்தில் வர, எதிர்ப்புறம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், ஆனால் பின்னால் வரும் கைவண்டியைக் கவனியுங்கள். "சைட், சைட்" என்று குரல் கேட்டால் முதலில் விலகிவிட்டுத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கோயிலிலிருந்து புறக்கோட்டை முனையிலுள்ள கான் மணிக்கூட்டுக் கோபுரம் வரை நடை இரண்டு கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். நின்று பார்த்துக்கொண்டு வந்தால் மூன்றரை மணி நேரம். பகல் உணவுக்குப் பிறகு கோட்டை, வெயில் தாழ 4.30க்குக் காலிமுகத்திடல்.

"கோட்டை" என்கிறார்கள், கோட்டை எங்கே?

1505இல் வந்த போர்த்துக்கேயர் கட்டி, 1656இல் ஒல்லாந்தர் பிடித்துத் திருத்தி, 1796இல் பிரித்தானியர் கைக்குப் போன கோட்டை அது. அதன் மதில்களைப் பிரித்தானியர் 1869 முதல் இடித்தார்கள். துறைமுகமும் வியாபாரமும் பெருகிய பிறகு சுவர் அவர்களுக்கு இடைஞ்சல். ஆகவே காலியிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பதுபோல ஏறி நடக்கும் மதிலை இங்கே தேடாதீர்கள். பிறிஸ்டல் வீதியில் ஒரு வங்கித் தலைமையகக் கட்டடத்தோடு சேர்ந்தபடி டெல்ஃப்ட் வாசலின் எச்சம் நிற்கிறது. பழைய மதிலின் தடிப்பை நேரில் பார்க்க அதுதான் இடம்.

சதாம் வீதிச் சந்தியிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தையும் நின்று பாருங்கள். 1857இல் மணிக்கூடாகக் கட்டி, பின்னர் உச்சியில் விளக்கு வைத்துக் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சத்தை மறைத்ததால் 1952இல் விளக்கு வேலையைக் கடலோரத்துக்கு மாற்றினார்கள். ஒல்லாந்தர் வைத்தியசாலை 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 2011இல் திருத்திக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கொடுத்தார்கள். விலை கூடத்தான், ஆனால் முற்றத்தில் சும்மா உட்காரக் காசு கேட்க மாட்டார்கள்.

சனாதிபதி மாளிகை, கடற்படை முகாம், துறைமுக வாசல் ஆகியவற்றைப் படம் எடுக்கக் கூடாது. காவலர் மறித்துக் கைப்பேசியைப் பார்க்கக் கேட்பார்.

காலிமுகத்திடலில் என்ன கவனிக்க வேண்டும்?

ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் நடைபாதையை முடித்தார். அதைச் சொல்லும் நினைவுக்கல் இன்றும் இருக்கிறது. இறால் வடை வாங்கும்போது சூடாகப் பொரித்துத் தரச் சொல்லுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பின்னேரம் முழுக்க இருந்தது வேண்டாம். விலையைக் கேட்டுவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும். கடலில் இறங்காதீர்கள், அலை இழுக்கும்.

இரண்டாம் நாள்?

காலை 7 மணிக்குச் சுதந்திர சதுக்கம். கண்டி அரசின் அரசவை மண்டபமான மகுல் மடுவத்தைப் பார்த்து அமைத்த மண்டபம். 1815 மார்ச் 2 அன்று கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த உடன்படிக்கை கையெழுத்தானது அந்த மகுல் மடுவத்தில்தான். இழந்த இடத்தின் வடிவத்திலேயே சுதந்திரத்துக்கு நினைவு மண்டபம் எழுப்பினார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் தூண் ஒவ்வொன்றுக்கும் பொருள் வரும்.

9 மணிக்கு நூதனசாலை திறக்கும்போது வாசலில் இருங்கள். பிறகு விகாரமாதேவிப் பூங்கா, மதியச் சாப்பாடு, 3 மணிக்குப் பேர வாவியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமமாலகை என்ற பௌத்த வழிபாட்டிடம், பக்கத்தில் கங்காராமை விகாரை, அங்கிருந்து ரயில்.

நூதனசாலையில் எதைத் தவறவிடக் கூடாது?

1877 ஜனவரி 1இல் திறந்த கட்டடம் இது. எல்லாக் கூடங்களையும் பார்ப்பதென்றால் மூன்று மணி நேரம் வேண்டும். பிள்ளைகளோடு வருபவர்கள் மூன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

முதலாவது, காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு பொறித்தது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்ட தென்னாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவின் கரையில் வியாபாரம் செய்ய வந்தவன், தமிழிலும் எழுதினால்தான் செல்லும் என்று தெரிந்து வந்திருக்கிறான். கல் தேய்ந்திருக்கிறது. நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் எழுத்துக் கீறல்கள் புலப்படும்.

இரண்டாவது, பொலனறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலங்கள். நடராசரும் நாயன்மாரும் சோழர் கலையின் கைவண்ணத்தில் நிற்கிறார்கள். மூன்றாவது, கண்டியின் கடைசி அரசனின் சிம்மாசனமும் முடியும். இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தவை.

கல்கிசை ரயிலை எல்லாரும் சொல்கிறார்களே, எப்படி ஏறுவது?

கோட்டையிலிருந்து கல்கிசை சுமார் 12 கிலோமீற்றர். தண்டவாளம் கடலை ஒட்டியே போகும். தெற்கே போகும்போது வலப்பக்கம்தான் கடல், அங்கே இடம் பிடியுங்கள். மூன்றாம் வகுப்பு டிக்கெட் போதும், முற்பதிவு தேவையில்லை. வேலை நாட்களில் மாலை 4 மணிக்குப் பிறகு ஏறினால் சன்னலே தெரியாது, ஆள் மேல் ஆள் நிற்பார்கள். 3.30க்கு முன் ஏறுங்கள், அல்லது ஞாயிறு போங்கள். சூரிய மறைவு நவம்பரில் மாலை 5.50 அளவில், ஜூலையில் 6.30 அளவில். மிதிபலகையில் தொங்கிப் படம் எடுக்க வேண்டாம், சமிக்ஞைக் கம்பங்கள் மிகக் கிட்ட நிற்கின்றன. வெள்ளவத்தையில் தங்குபவர்கள் திரும்பும்போது அங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஓட்டோவில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

கைப்பேசிச் செயலியில் அழையுங்கள், பிக்மீ அல்லது ஊபர். கட்டணம் முன்கூட்டியே தெரியும். தெருவில் மறித்தால் "மீட்டர் தியனவாத?" (மீட்டர் இருக்கிறதா?) என்று சிங்களத்தில் கேட்டு, மீட்டரைப் போட்ட பிறகு ஏறுங்கள். சில்லறை வைத்திருங்கள்.

கோட்டையிலும் காலிமுகத்திடலிலும் ஒருவர் தானாக வந்து பேச்சுக் கொடுத்து, "இன்றைக்கு மட்டும் விகாரையில் யானைப் பெரஹரா, இன்றோடு முடிகிறது" என்று ஓட்டோ பிடித்துத் தருவார். அது இரத்தினக்கல் கடையில்தான் போய் முடியும். வேண்டாம் என்று ஒரு சொல்லில் சொல்லி நடையைக் கட்டுங்கள்.

பஸ்?

புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்கு 100, 101. இப்போதைய நகர மண்டபத்துக்கு (முதல் நாள் பார்த்த பழையது அல்ல) 138, அங்கே இறங்கி நூதனசாலைக்கு நடக்கலாம். இலக்கத்தோடு ஊர்ப் பெயரையும் சொல்லி நடத்துனரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். முன்பக்க ஆசனங்களில் சில மதகுருமாருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கியவை.

சாப்பாடு?

செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தையில் சைவக்கடைகளுக்குக் குறைவில்லை. அசைவம் சாப்பிடுபவர்கள் ஓர் இரவு புதுக்கடைப் பக்கம் போங்கள், இருட்டிய பிறகுதான் களை கட்டும். பறங்கியர் சமையலான லம்பிரைஸும் ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டியது: வாழையிலைக்குள் சோறும் கறிகளும் வைத்துக் கட்டிப் போறணையில் வேகவைத்தது. இலையை அவிழ்த்ததும் வரும் வாசனைக்கே பாதிப் பசி தீரும்.

தாமரைக் கோபுரம் ஏற வேண்டுமா?

சுமார் 350 மீற்றர் உயரம், 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறந்தது. பிள்ளைகள் இருந்தால் ஏறுங்கள். வார இறுதி மாலையில் வரிசை நீளம். மழை மூட்டமான நாளில் காசு வீண்.

முதியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால்?

முதல் நாள் நடையில் வுல்வெண்டால் வரை ஓட்டோ, பிரதான வீதி மட்டும் நடை, பிறகு கோட்டைக்கு ஓட்டோ. புறக்கோட்டையில் நல்ல கழிப்பறை கிடைப்பது கடினம். புறப்படுமுன் தங்குமிடத்தில் போய்விடுங்கள், அடுத்தது ஒல்லாந்தர் வைத்தியசாலையிலோ காலிமுகத்திடலுக்கு எதிரேயுள்ள பெரிய கடைத்தொகுதியிலோதான். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், குடை, தொப்பி.

உடை?

தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடை எல்லா வழிபாட்டிடங்களுக்கும் பொருந்தும். பெண்கள் பள்ளிவாசலுக்காக ஒரு சால்வை வைத்திருங்கள். சைவக் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டை கழற்றும் வழக்கம் உண்டு. விகாரைகளிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். பின்னேரத் தரை கொதிக்கும், ஒரு சோடி காலுறை பையில் இருந்தால் பிழைத்தீர்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு?

நூதனசாலை, கங்காராமை போன்ற இடங்களில் உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்று இரண்டு கட்டணம். தமிழ் பேசினால் மட்டும் போதாது, தேசிய அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அதை மறக்காமல் கொண்டுவாருங்கள். இந்தியாவிலிருந்து வருபவர்கள் 2024 முதல் யூபிஐ மூலம் பல கடைகளில் செலுத்தலாம், ஆனால் ஓட்டோவுக்கும் தெருக்கடைக்கும் ரூபாத் தாள்தான்.

கடைசி நாள் விமான நிலையம் போக எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?

கட்டுநாயக்க அதிவேகப் பாதை 25.8 கிலோமீற்றர், அதில் ஏறிவிட்டால் அரை மணி நேரம். சிக்கல் அதில் ஏறும் வரைதான். வெள்ளவத்தையிலிருந்து மாலை 4.30க்குப் பிறகு புறப்பட்டால் மொத்தம் இரண்டு மணி நேரம் வையுங்கள், அதிகாலை 3 மணிக்கு ஒரு மணி நேரம் போதும். பஸ்ஸில் போவதானால் புறக்கோட்டையிலிருந்து 187. பெரிய பெட்டிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் பஸ்ஸை நம்ப வேண்டாம், வான் பிடியுங்கள். அதிவேகப் பாதைக் கட்டணம் வாடகையில் அடக்கமா என்பதை ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.